குடும்ப வியாதி என்று சொல்லிக் கோப்பை மூடாதீர்கள்

நம் ஊரில் மூட்டு வலியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில்தான் போய் முடிகிறது. "அது எங்க குடும்ப வியாதி சார். எங்கம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வந்திருக்கு." காலையில் கடற்கரை ரோட்டில் நடக்கும்போதும் கேட்கிறேன், நவம்பர் மாதம் உயிர்ச் சான்று கொடுக்க நிற்கும் வரிசையிலும் கேட்கிறேன். சொன்னவர் அத்தோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவரும் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கோப்பு மூடப்பட்டது, கட்டி அலமாரியில் வைத்தாயிற்று.

அந்தக் கோப்பை மூடக்கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் துணையாக இருப்பது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வளர்ந்திருக்கும் ஒரு விஞ்ஞானம். அதன் பெயர் டிஎன்ஏ மெத்திலேஷன். பெயரைக் கேட்டதும் பக்கத்தை மூடிவிட்டுப் போகாதீர்கள். அரசாங்க ஆபீசில் ஒரு நாளாவது கோப்புக்கு அலைந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது.

நான் டாக்டர் இல்லை. புதுவை அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வைத்தியம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் மருத்துவக் கட்டுரைகளைப் பிரெஞ்சில் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது நேரமும் இருக்கிறது. படித்ததை நம் பேச்சில் சொல்கிறேன். கூடவே என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூட்டு வலி எல்லாம் ஒரே வியாதி இல்லை. வயதாகி முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறினால் வலிப்பது தேய்மானம். யூரிக் அமிலம் கூடி, ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டைவிரல் வீங்கித் துடிப்பது வேறு. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது நம்மில் பல பேர் மாதக்கணக்கில் கை காலை மடக்க முடியாமல் தவித்தோமே, அது வைரஸ் கொண்டுவந்தது. நான் இங்கே பேசுவது நம் பெரியவர்கள் சரவாங்கி, முடக்குவாதம் என்று சொன்னதும் டாக்டர்கள் 'ஆர்.ஏ.' என்று எழுதுவதுமான வியாதியைப் பற்றி. பிரெஞ்சில் இதற்குப் 'பொலியார்த்ரித்' என்று பெயர். பல மூட்டுகளில் வரும் அழற்சி என்று அர்த்தம். இதில் மூட்டு தேய்வதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் சொந்த எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள் சவ்வை எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. லூபஸ் என்ற வியாதியும் இதே ஜாதிதான். அது தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கும்.

முடக்குவாதத்தைத் தனி வியாதியாக முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் லாந்த்ரே-போவே என்ற இளம் பிரெஞ்சு டாக்டர். 1800-ல் பாரீஸ் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நோயாளிகளைப் பார்த்து அதையே தன் பட்டத்துக்கான ஆய்வாக எழுதினார். அந்தக் காலத்து டாக்டர்களுக்கு மூட்டு வலி என்றால் யூரிக் அமிலக் கோளாறுதான், அதாவது நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கும் பணக்கார ஆண்களின் வியாதி. இவர் பார்த்த ஒன்பது பேரும் பெண்கள், ஏழைகள். யாரும் கவனிக்காத பெண்களின் வலியை ஒருவர் உட்கார்ந்து கவனித்ததால்தான் இந்த வியாதி ஏட்டில் ஏறியது. இன்றைக்கும் இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. லூபஸில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

இப்போது பரம்பரை விஷயத்துக்கு வருவோம். பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு உண்டு. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? நாற்பது வருஷம் கணக்கோடு வாழ்ந்தவர்கள் நாம்.

பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் முடக்குவாதம் வருகிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் அந்த ஆபத்து சுமார் மூன்று மடங்காகிறது. மூன்று மடங்கு என்று கேட்டதும் பயமாக இருக்கும். பெருக்கிப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான். மீதி தொண்ணூற்றேழு பேருக்கு வருவதில்லை.

இன்னும் அழுத்தமான சாட்சி இரட்டைப் பிள்ளைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர்களுக்கு மரபணு ஒன்றேதான், எழுத்துக்கு எழுத்து ஒன்று. எல்லாம் பரம்பரைதான் என்றால் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். 1993-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அப்படி இரண்டு பேருக்கும் முடக்குவாதம் இருந்தது நூற்றுக்குச் சுமார் 15 ஜோடிகளில்தான். சாதாரண இரட்டையர்களில் 4-ஐக்கூடத் தொடவில்லை. 15-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று காட்டுகிறது. 15-க்கும் 100-க்கும் உள்ள தூரம் அந்தப் பங்கு எவ்வளவு போதாதது என்று காட்டுகிறது.

இந்தக் கணக்கை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், கணக்குத் தெரியாததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எங்கள் ஆபீசில் தட்டச்சுப் பிரிவில் ஓர் அம்மையார் இருந்தார். பெயர் வேண்டாம். வேகமான கை. ஒரு வருஷம் மழைக்காலத்தில் காலையில் விரல் மடங்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் பதினோரு மணிக்குத்தான் விரல் வழிக்கு வரும். டாக்டரிடம் போங்கள் அம்மா என்று நாங்கள் சொன்னபோதெல்லாம், "எங்கம்மா இப்படித்தான் கை கோணிப்போய்ப் பதினைந்து வருஷம் கிடந்தாங்க. எனக்கும் அதேதான். பரம்பரைக்கு மருந்து உண்டா?" என்பார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே நாலைந்து வருஷம் ஓட்டினார். கடைசியில் சரியான டாக்டரிடம் போனபோது நோயை நிறுத்த முடிந்தது, கோணிய விரலை நிமிர்த்த முடியவில்லை.

அதோடு போகவில்லை. அவருடைய மகளுக்கு வரன் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பிள்ளையின் அம்மா இவருடைய கையைப் பார்த்தார். நாலு நாளில், "பரம்பரையா வரும்னு சொல்றாங்க, மன்னிச்சுக்குங்க" என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே சொல்தான். முதலில் அம்மாவின் வைத்தியத்தைத் தடுத்தது, பிறகு மகளின் கல்யாணத்தைத் தடுத்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. கை நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தொண்ணூற்றேழில் அவளும் ஒருத்தி என்று அன்றைக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

சரி, மரபணு ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வரவில்லை என்றால் நடுவில் என்ன நடக்கிறது? இங்கேதான் மெத்திலேஷன் வருகிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற கோப்பு இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகளில் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட கோப்பு. கண்ணில் இருக்கும் செல்லுக்கும் ஈரலில் இருக்கும் செல்லுக்கும் கோப்பு ஒன்றேதான். ஆனால் கண் ஈரலின் வேலையைச் செய்வதில்லை. காரணம், எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும், எதைப் படிக்காமல் தாண்ட வேண்டும் என்று ஒவ்வொரு செல்லிலும் தனித்தனிக் குறிப்பு உண்டு. நம் ஆபீசில் பழைய உத்தரவைக் கிழிக்க முடியாது. ஆனால் அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி, 'இதன்மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று எழுதிவிடலாம். உத்தரவு அப்படியே இருக்கும், அமலுக்கு வராது. மெத்தில் என்பது அந்தத் துண்டுச் சீட்டு.

வேதியியலில் அது மிகச் சின்னப் பொருள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். டிஎன்ஏவில் 'சி' எழுத்தை அடுத்து 'ஜி' வரும் இடங்களில் இந்தச் சீட்டு குத்தப்படுகிறது. நம் கோப்பில் அப்படிச் சுமார் 2.8 கோடி இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சீட்டு இருக்கும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் சீட்டு நெருக்கமாகக் குத்தியிருந்தால் அந்த மரபணு பொதுவாகப் பேசாமல் கிடக்கும். சீட்டு விழுந்துவிட்டால் பேச ஆரம்பிக்கலாம்.

செல் இரண்டாகப் பிரியும்போது கோப்பு நகல் எடுக்கப்படுகிறது. சீட்டுகளும் அதே இடத்தில் மறுபடி குத்தப்பட வேண்டும். அதற்கென்றே ஒரு நகல் குமாஸ்தா உண்டு, ஒரு என்சைம். இப்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் ஹாலிடே, பியூ என்ற இருவரும், அமெரிக்காவில் ரிக்ஸ் என்பவரும் தனித்தனியே 1975-ல் எழுதினார்கள். நகல் எடுப்பவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் வருஷங்கள் போகப் போகச் சில சீட்டு விட்டுப்போகும், சில சீட்டு இடம் மாறும். 2005-ல் ஸ்பெயினில் எஸ்தேயர் என்பவரின் குழு 40 ஜோடி ஒத்த இரட்டையர்களை ஆராய்ந்தது. சிறு வயது ஜோடிகளுக்குச் சீட்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. வயதான ஜோடிகளில், அதிலும் தனித்தனியாக வாழ்ந்தவர்களில், நிறைய வித்தியாசம் இருந்தது. கோப்பு ஒன்று, வாழ்க்கை வேறு, சீட்டும் வேறு.

இதற்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நாலு விஷயம் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற டாக்டர், லூபஸ், முடக்குவாதம் இரண்டிலும் நோயாளிகளின் டி செல்களில் மெத்தில் குறைந்திருப்பதை 1990-ல் காட்டினார். டி செல் என்பது எதிர்ப்புச் சக்தியின் போலீஸ்காரர். ஆரோக்கியமான டி செல்லுக்கு மெத்தில் சேர்வதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அது சொந்த உடம்பையே எதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது. அப்படி மாறிய செல்களை எலிக்குச் செலுத்தினால் எலிக்கு லூபஸ் போன்ற வியாதி வந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரலசின், இதயத் துடிப்புக்குப் புரோகைனமைட் என்று இரண்டு மருந்துகள் உண்டு. அவற்றைச் சாப்பிட்ட சிலருக்கு லூபஸ் போன்ற வியாதி வருவது பழைய காலத்திலிருந்தே டாக்டர்களுக்குத் தெரியும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். அந்த இரண்டு மருந்துகளும் டி செல்லில் மெத்தில் சேர்வதைக் குறைக்கின்றன என்பதையும் அதே குழு காட்டியது. (இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஹைட்ரலசின் இப்போது அபூர்வம். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

இரண்டாவது, பெண்கள். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒன்று போதும் என்பதால், கருவிலேயே ஒவ்வொரு செல்லிலும் ஒன்று அடைத்து வைக்கப்படுகிறது. மேரி லயன் என்ற பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி 1961-ல் இதைச் சொன்னார். அடைத்துவைத்த கதவுக்குப் பூட்டாக இருப்பவற்றில் மெத்தில் ஒன்று. லூபஸ் வந்த பெண்களில், எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் ஒரு மரபணு, அடைபட்ட எக்ஸிலிருந்தும் பேச ஆரம்பித்துவிடுகிறது என்று 2007-ல் கண்டார்கள். ஆண்களுக்கு அந்த இரண்டாவது எக்ஸே கிடையாது. பெண்களுக்கு அதிகம் வருவதற்கு முழுக் காரணமும் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், "வீட்டு வேலை செஞ்சு செஞ்சு வந்தது" என்றும், "பொம்பளைங்க எப்பவும் வலின்னுதான் சொல்வாங்க" என்றும் நாம் தள்ளிவிடுகிறோமே, அந்தப் பேச்சுக்கு இனி இடமில்லை.

மூன்றாவது, மூட்டின் உள் சவ்வு. முடக்குவாதத்தில் அந்தச் சவ்வின் செல்கள் முரடாகிக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கின்றன. மூட்டிலிருந்து எடுத்துத் தனியாகக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும் குணம் மாறுவதில்லை. கலிபோர்னியாவில் கேரி பயர்ஸ்டீன் குழுவினர், சாதாரணத் தேய்மானம் வந்தவர்களின் செல்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது மெத்தில் குத்தியிருக்கும் விதமே வேறாக இருந்தது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும்கூட வித்தியாசம் இருந்தது. சண்டைக்காரன் ஊர் மாறினாலும் குணம் மாறாததற்குச் சீட்டும் ஒரு காரணம் போலிருக்கிறது.

நாலாவது, புகை. இதைத்தான் நம் வீட்டு ஆண்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்வீடனில் கிளாரெஸ்கோக் என்ற டாக்டரின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது. ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புப் பொருள் இருக்கும் வகை முடக்குவாதத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஏதுவான மரபணு அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் வந்து, அதோடு புகையும் பிடித்தவர்களுக்கு ஆபத்து 21 மடங்கு என்று கண்டார்கள். அந்த மரபணுவும் இல்லாமல், புகையும் பிடிக்காதவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது. மரபணு நம் கையில் இல்லை. பீடியும் சிகரெட்டும் யார் கையில் இருக்கின்றன? புகை நுரையீரலில் புரதங்களை உருமாற்றுகிறது. எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியர் என்று நினைக்கிறது. மூட்டில் வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் அதன் அடையாளம் தெரிந்துவிடுகிறது. புகை மெத்தில் சீட்டுகளையும் மாற்றுகிறது. விட்டுவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சில மட்டும் முப்பது வருஷம் ஆனாலும் திரும்புவதில்லை. ஆகவே எந்த வயதில் விட்டாலும் லாபம், சீக்கிரம் விட்டால் அதிக லாபம்.

அதே கிளாரெஸ்கோக்கும் அமெரிக்கர்களும் சேர்ந்து 2013-ல், 354 நோயாளிகளின் ரத்தத்தையும் 337 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மரபணு கொடுக்கும் ஆபத்தில் ஒரு பகுதி மெத்திலேஷன் வழியாகவே வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்தது. அதாவது பரம்பரையும் சீட்டும் எதிரெதிர்க் கட்சிகள் இல்லை. பரம்பரை போட்ட உத்தரவு அமலுக்கு வருமா வராதா என்பதில் சீட்டுக்கும் ஒரு குரல் இருக்கிறது.

இங்கே நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். நல்ல விஞ்ஞானம் வந்தால் அதன் பின்னாலேயே வியாபாரிகளும் வந்துவிடுவார்கள். சென்ற வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் 'இலவச மூட்டு முகாம்' என்று கூப்பிட்டார்கள். சிநேகிதர் ஒருவரோடு போனேன். டை கட்டிய ஒரு பையன், "உங்க டிஎன்ஏவில் மெத்தில் குறைஞ்சிருக்கு அங்கிள், எங்க பவுடர் அதைத் திருப்பிக் கொண்டுவரும்" என்றான். ஒரு டப்பா விலை என் நண்பருடைய மாதப் பென்ஷனில் கால் பங்கு. எந்த செல்லில், எந்த மரபணுவில், எந்த இடத்தில் குறைந்திருக்கிறது என்று கேட்டேன். பையன் சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனான், திரும்பி வரவில்லை.

2.8 கோடி இடங்களில் இன்ன இடத்தில் மட்டும் சீட்டைக் குத்து என்று கட்டளையிடும் பவுடரோ மாத்திரையோ இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு மரபணுவுக்குச் சீட்டு நல்லது, பக்கத்து மரபணுவுக்கு அதுவே கெடுதல். சில புற்றுநோய்களில், புற்றைத் தடுக்க வேண்டிய மரபணுவின் மேல் சீட்டு விழுந்து அது பேச்சிழந்து கிடக்கிறது. ஆகவே 'மெத்திலைக் கூட்டுகிறோம்' என்பது பெருமைப்படும் பேச்சே இல்லை. கால் மரத்துப்போவதற்கு நம்மில் பலர் மெத்தில்கோபாலமின் மாத்திரை சாப்பிடுகிறோம். பெயரில் மெத்தில் இருப்பதால் அது முடக்குவாதத்தின் சீட்டைச் சரிசெய்யும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வைட்டமின் பி12, அதற்கான வேலை வேறு.

இன்னொரு ஆபத்து, பழி போடுவது. முன்பு "உன் தலையெழுத்து" என்றார்கள். இனிமேல் "நீ ஒழுங்காச் சாப்பிடலை, கவலைப்பட்டே கெடுத்துக்கிட்டே, உங்கம்மா உன்னைச் சுமந்தப்போ சரியா இருக்கலை" என்று சொல்லக் கிளம்புவார்கள். ஹாலந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவை மறித்ததால் பெரும் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களை ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில், கூடப் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு மெத்தில் குறைவாக இருந்தது. இது மூட்டு வியாதியைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் இந்தச் சீட்டை யார் குத்துகிறார்கள் என்று யோசிக்க வைக்கிறது. அந்தத் தாய்மார்கள் என்ன தப்புச் செய்தார்கள்? யுத்தமும் பசியும் செய்த வேலை அது. அதுபோல, கல் உடைக்கும் இடத்துச் சிலிக்காத் தூசும் முடக்குவாதத்தின் ஆபத்தைக் கூட்டும். அந்தத் தூசைச் சுவாசிப்பவர் விரும்பியா சுவாசிக்கிறார்? தலையெழுத்து என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குற்றவாளிப் பட்டத்தை வைப்பதானால், இந்த விஞ்ஞானம் நமக்கு வேண்டியதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளியின் செல்லில் சீட்டு மாறியிருக்கிறது என்றால், அதனால் நோய் வந்ததா, நோய் வந்ததால் சீட்டு மாறியதா என்று எல்லா இடத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது. விஞ்ஞானிகளே அதைத்தான் இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிதானம் விற்பவர்களிடம் இருக்காது, அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அப்படியானால் இந்த மெத்திலேஷனால் நமக்கு இன்றைக்கு என்ன பிரயோஜனம்? என் அபிப்பிராயத்தில் பெரிய பிரயோஜனம், மனதில் இருக்கும் அந்த வாக்கியத்தை மாற்றுவதுதான். 'பரம்பரை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது' என்ற வாக்கியத்தில் 'ஆகவே' தப்பு. பரம்பரை என்றால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விழித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அர்த்தம்.

காலையில் எழுந்தால் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருப்பது, இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்குவது, அது ஆறு வாரம் தாண்டியும் போகாதது, இவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. முதல் சில மாதங்களில் வைத்தியம் ஆரம்பித்தால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு மிக அதிகம். நம் ஊரில் அதற்கு வழியும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மரில், எதிர்ப்புச் சக்தி வியாதிகளுக்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி என்று தனித் துறை இருக்கிறது.

மருந்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். இந்த மருந்து பிறந்தது அமெரிக்காவின் லெடர்லி கம்பெனியில், எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். மெத்தில் சீட்டுக்கு வேண்டிய கார்பனை உடம்பில் கைமாற்றிக் கொடுப்பதில் போலிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் போலிக் அமிலத்தின் வேலையில் குறுக்கிடுவதுதான் இந்த மருந்து. அதற்காக, சீட்டை மாற்றித்தான் இது மூட்டைக் குணப்படுத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. அது பல வழிகளில் வேலை செய்கிறது. நமக்கு முக்கியமானது வேறு. முடக்குவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினம் போட்டுக்கொண்டு உயிரையே விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. வீட்டில் யாருக்காவது இந்த மருந்து இருந்தால், எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் சொல்லும் போலிக் அமில மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் விடாதீர்கள். நம் ஊரில் சொல்லாமல் இருக்க முடியாது: இந்த மருந்தும் சாராயமும் சேர்ந்தால் ஈரல் தாங்காது.

ஓவியர் ரெனுவாரைப் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முடக்குவாதத்தில் கை முழுக்கக் கோணிப்போய், தூரிகையை யாராவது விரலிடுக்கில் வைத்தால்தான் வரைய முடியும் என்ற நிலையிலும் 1919-ல் சாகும் வரை வரைந்துகொண்டே இருந்தார். 1915-ல் ஸஷா கித்ரி எடுத்த படத்தில் அந்தக் கையை இன்றைக்கும் பார்க்கலாம், சிகரெட்டோடு. அவருடைய மன உறுதியைப் புகழ்ந்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கையைப் பார்க்கும்போது தோன்றுவது வேறு. அவருக்கு அன்று மருந்து இல்லை, வேறு வழியும் இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் நம் வீட்டுப் பெண்கள் கோணிய விரலோடு காபி டம்ளரைப் பிடிக்கிறார்கள் என்றால், அதற்கு மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது. "குடும்ப வியாதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் நாமும்தான் காரணம்.

உங்கள் மகளோ மருமகளோ காலையில் விரல் மடங்கவில்லை என்று சொன்னால், உங்கள் அம்மாவுக்கு இருந்ததா என்று கேளுங்கள், தப்பில்லை. கேட்டுவிட்டு அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.